கெர்னலில் விடுபட்ட ஒரு வரி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் மாணவன்)

முன்னுரை

கணிப்பொறி கால் பதிக்காத துறை இன்று இல்லை. ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, மின் கட்டணம், தேர்வு முடிவு என நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி அதன் வழியாகவே நடைபெறுகிறது. கணிப்பொறி எவ்வளவு விரைவாகக் கணக்கிடுகிறது என்பதை வியந்து பேசாதவர் இல்லை. ஆனால் வேலை முடிந்த பிறகு, தான் எடுத்துக்கொண்ட இடத்தை அது எவ்வாறு துப்புரவு செய்து திருப்பிக் கொடுக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. விருந்தைப் புகழ்கிறோம், விருந்து முடிந்தபின் பாத்திரம் துலக்கியவரை யாரும் விசாரிப்பதில்லை.

இந்தத் துப்புரவில் ஒரே ஒரு வரி விடுபட்டால் என்ன நேரும் என்பதற்கு 2016ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான செய்தி ஒன்று தக்க சான்றாகும். லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக மறைந்திருந்த ஒரு பிழை அப்போது வெளிப்பட்டது. அதற்கு இடப்பட்ட பதிவு எண் சி.வி.இ-2016-0728. அதைத் திருத்தச் சேர்க்கப்பட்டது ஒரே வரிதான். அந்த வரி எது, அது ஏன் விடுபட்டது, அதைச் சேர்க்க வேண்டிய இடத்தைத் தேர்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பவற்றைப் பிற துறை நண்பர்களுக்கும் விளங்கும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெர்னல் என்பது யாது?

நாம் கணிப்பொறியில் பயன்படுத்தும் நிரல்கள் எவையும் நினைவகத்தையோ வட்டையோ நேரடியாகத் தொடுவதில்லை. அவற்றுக்கும் எந்திரத்துக்கும் இடையே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதுவே கெர்னல். நினைவகத்தில் இடம் வேண்டும், ஒரு கோப்பைத் திறக்க வேண்டும் என்று நிரல்கள் விண்ணப்பம் போடுகின்றன. கெர்னல் அதைப் பரிசீலித்து, விண்ணப்பித்தவருக்கு உரிமை உண்டா என்று பார்த்து, உரியதை வழங்குகிறது. ஒரு பயனரின் கோப்பை மற்றொரு பயனர் படிக்காமல் காப்பதும் அதன் பொறுப்பே. இயங்குதளத்தின் நடுநாயகம் அது எனலாம்.

லினக்ஸ் கெர்னலை லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கினார். அப்போது அவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். வயது 21. ஏறத்தாழ நம் வயதுதான்! இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தின் அடியிலும் இருப்பது இந்தக் கெர்னலே. 2017 நவம்பரில் வெளியான உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் இருந்த 500 எந்திரங்களும் லினக்ஸ் கொண்டே இயங்கின. இவ்வளவு பெரிய கெர்னலின் மிகப் பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பது நாம் முதலாண்டில் படிக்கும் சி மொழியில்தான் என்பதும், அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம் என்பதும் நாம் மனத்தில் கொள்ள வேண்டிய செய்திகளாகும்.

மேலே கேட்பார் இல்லாத இடம்

சி மொழியில் நினைவகத்தில் இடம் கேட்க ‘மேலாக்’ என்ற செயற்கூறும், அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க ‘ஃப்ரீ’ என்ற செயற்கூறும் உள்ளன. பெற்ற இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதை நினைவகக் கசிவு என்பர். ஆய்வகத்தில் எழுதப்படும் சிறிய நிரல்களில் ‘ஃப்ரீ’ இல்லாவிட்டாலும் விடை சரியாகவே வரும், எந்திரமும் கெட்டுப்போவதில்லை. காரணம் என்ன? நிரல் முடிந்தவுடன் அது எடுத்திருந்த இடம் முழுவதையும் கெர்னல் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் இறைத்துவிட்டுப் போனதைத் தாய் எடுத்து வைப்பது போன்றது இது.

ஆனால் கெர்னலே ஓரிடத்தை எடுத்துவிட்டுத் திருப்பி வைக்க மறந்தால்? அதற்கு மேலே எடுத்து வைக்க யாரும் இல்லை. நிரல் சில நொடிகளில் முடிந்துவிடும். கெர்னலோ கணிப்பொறி அணைக்கப்படும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகள் மாதக்கணக்கில் அணைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் சில பைட்டுகள் கசிந்தாலும் சிறுதுளி பெருவெள்ளமாகிவிடும். ஆகவே கெர்னலில் வேலை செய்வோருக்கு முதல் விதி இதுதான்: எடுத்தது எதுவாயினும் எடுத்தவரே திருப்பி வைக்க வேண்டும்.

வாசகசாலையின் கரும்பலகை

ஒரு பொருளை ஒருவர் மட்டுமே பயன்படுத்தினால் அதைத் திருப்பி வைக்கும் நேரம் எது என்பதில் குழப்பமில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொருளை எப்போது அழிப்பது? இதற்குக் கெர்னல் கையாளும் முறை மிக எளியது.

ஓர் ஊரில் வாசகசாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வாசலில் ஒரு கரும்பலகை. உள்ளே வருபவர் அதில் உள்ள எண்ணுடன் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டும். வெளியே செல்பவர் ஒன்றைக் கழித்து எழுத வேண்டும். எண் சுழியமானால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். உடனே காவலாளி விளக்கை அணைத்துப் பூட்டிவிடலாம். அவர் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.

கெர்னலில் பலர் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளுடனும் இத்தகைய எண் ஒன்று சேர்ந்தே இருக்கும். அப்பொருளைக் கையில் எடுப்பவர் எண்ணைக் கூட்டுவார், விடுபவர் கழிப்பார், சுழியம் ஆனதும் அப்பொருள் இருந்த நினைவகம் பொதுவுக்குத் திரும்பும்.

இம்முறையில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒருவர் பக்கவாட்டுக் கதவு வழியே, எண்ணைக் கழிக்காமல் போய்விட்டால் எண் ஒருநாளும் சுழியம் ஆகாது. ஆளில்லாத கூடத்தில் விளக்கு இரவு முழுதும் எரியும். இது கசிவு. மற்றொன்று இதைவிடக் கொடியது. கரும்பலகையில் இரண்டு இலக்கத்துக்கு மட்டுமே இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். 99க்குப் பின் ஒன்றைக் கூட்டினால் பலகை 00 என்று காட்டும். காவலாளி பலகையை நம்பிப் பூட்டிவிடுவார். ஆள் உள்ளே இருக்கும்போதே! நாம் காணப்போகும் பிழையில் முதல் ஆபத்தே இரண்டாவதற்கு வழி வகுத்தது.

சாவிக்கொத்தில் நேர்ந்த பிழை

கடவுச்சொற்கள், மறைக்குறியீட்டுச் சாவிகள் போன்ற இரகசியங்களை நிரல்களுக்காகக் கெர்னலே பாதுகாத்துத் தரும் வசதி லினக்ஸில் உண்டு. அச்சாவிகளைக் கோத்து வைக்கும் பொருளுக்கு ‘கீரிங்’, அதாவது சாவிக்கொத்து என்றே பெயர். ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு சாவிக்கொத்தை வைத்துக்கொள்ளலாம். பெயர் சொல்லி வேறொரு சாவிக்கொத்துக்கு மாறவும் செய்யலாம். மாறுவதற்கான விண்ணப்பத்தைக் கவனிக்கும் செயற்கூறின் பெயர் ‘ஜாயின் செஷன் கீரிங்’. பெயர் சொல்லி வரும் விண்ணப்பத்தில் அது செய்யும் வேலைகளை வரிசையாகக் காண்போம்.

(அ) விண்ணப்பித்த நிரலின் உரிமைப் பத்திரத்துக்கு ஒரு நகல் எடுக்கிறது.

(ஆ) ஒரே நேரத்தில் இருவர் மாற்றம் செய்யாதிருக்கப் பூட்டு ஒன்றைப் போடுகிறது.

(இ) கேட்கப்பட்ட பெயரில் சாவிக்கொத்து இருக்கிறதா என்று தேடுகிறது. கிடைத்தால் அதன் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது.

(ஈ) கிடைத்த சாவிக்கொத்தை நகலில் பொருத்தி, நகலையே நிரலின் புதிய உரிமைப் பத்திரமாக்குகிறது.

(உ) பூட்டைத் திறக்கிறது. தேடியபோது கூட்டிய எண்ணைக் கழிக்கிறது. விடை கூறி முடிக்கிறது. எண்ணைக் கழிக்கும் கட்டளையின் பெயர் ‘கீ புட்’.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் எடுத்தவை அனைத்தும் திரும்பிவிடுகின்றன. இடையில் தடை ஏற்பட்டால்? அதற்கெனச் செயற்கூறின் இறுதியில் வெளியேறும் வாசல்கள் அமைக்கப்பட்டுள்ளன. ‘எரர் 2’ என்ற வாசல் பூட்டைத் திறந்துவிட்டு, நகலையும் கிழித்துப் போடும். ‘எரர்’ என்ற வாசல் நகலை மட்டும் கிழிக்கும். தடை எங்கே ஏற்பட்டதோ அதற்கேற்ற வாசலுக்கு ‘கோ டூ’ கட்டளை மூலம் தாவ வேண்டும்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. ‘கோ டூ’ கட்டளையைத் தவிர்க்க வேண்டும் என்று நாம் முதலாண்டிலேயே கற்கிறோம். அதன் தீமைகளை எடுத்துக்காட்டி டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1968ஆம் ஆண்டு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஆனால் கெர்னலின் எழுத்து நடை விதிகள் இந்த ஒரு பயனுக்கு ‘கோ டூ’வை ஏற்றுக்கொள்கின்றன. எடுத்த வரிசைக்கு நேர் எதிரான வரிசையில் திருப்பி வைக்க இது வசதியானது என்பதே காரணம். கடைசியில் போட்ட பூட்டை முதலில் திறக்கிறோம் அல்லவா?

இனிப் பிழைக்கு வருவோம். (இ) என்ற படியில் மூன்று நிலைகளில் ‘எரர் 2’ வாசலுக்குத் தாவல் நிகழ்ந்தது. முதல் நிலை: புதிய சாவிக்கொத்தை உருவாக்க முடியவில்லை. இரண்டாம் நிலை: தேடும்போதே வேறு தடை. இவ்விரண்டிலும் கையில் சாவிக்கொத்து இல்லை. ஆகவே திருப்ப வேண்டியதும் இல்லை. மூன்றாம் நிலைதான் வேடிக்கையானது. நிரல் கேட்ட சாவிக்கொத்து, அது ஏற்கெனவே வைத்திருக்கும் அதே சாவிக்கொத்து! இது தவறே அன்று. செய்ய வேண்டிய மாற்றம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். எனவே விடையாகச் சுழியத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ‘எரர் 2’ வாசல் வழியாகவே வெளியேறும்படி எழுதப்பட்டிருந்தது. பூட்டு திறக்கப்பட்டது. நகல் கிழிக்கப்பட்டது. தேடியபோது கூட்டிய எண் மட்டும் கழிக்கப்படவில்லை.

நின்றுபோன கல்யாணம்

எழுதியவர்களோ அனுபவம் மிக்கவர்கள். வெற்றிப் பாதையில் ‘கீ புட்’ கட்டளையைச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். பின் இந்த இடத்தில் எப்படி விடுபட்டது என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கம் எங்கள் வீட்டுத் தொழிலிலேயே கிடைத்தது.

என் தந்தையார் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் எத்தனை அண்டா, எத்தனை கரண்டி, எத்தனை ஜமக்காளம் எந்த வீட்டுக்குப் போயிற்று என்பது அவருக்கு நோட்டுப் புத்தகம் பார்க்காமலே தெரியும். சாமான்கள் தொலைந்துபோவது எப்போது என்று ஒருமுறை கேட்டேன். “நடந்த கல்யாணத்துச் சாமான் தானா வந்துடும்ப்பா. மறுநாள் வண்டி அனுப்பி எண்ணி எடுத்துட்டு வந்துடுவோம். நின்னுபோன கல்யாணத்துக்கு அனுப்பின சாமானைத்தான் யாரும் நினைக்கமாட்டாங்க. விசேஷமே இல்லேன்னதும் சாமான் போனதே எல்லாருக்கும் மறந்துடும்” என்றார்.

கெர்னலில் நடந்ததும் அதுவேதான். மாற்றம் நடந்த பாதையில் துப்புரவு ஒழுங்காக நடந்தது. ‘மாற்றம் தேவையில்லை’ என்ற பாதையில், மாற்றம்தான் இல்லையே என்ற எண்ணத்தில், அதற்கு முன்பே சாவிக்கொத்து கைக்கு வந்துவிட்டது என்பது மறந்துபோயிற்று. ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும் இடத்திலும் ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருக்கலாம். இதுவே இப்பிழை நமக்குக் கற்பிக்கும் தலையாய பாடம் என்பேன்.

கசிவு களவானது எப்படி?

ஒரு சாவிக்கொத்து திரும்பாமல் போவதால் இழப்பு மிகச் சில பைட்டுகளே. இதற்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாசகசாலையின் கரும்பலகையை இங்கே நினைவுகூர வேண்டும்.

சாவிக்கொத்தின் எண்ணிக்கைக்குக் கெர்னலில் ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட். அதில் எழுதக்கூடிய வெவ்வேறு எண்கள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதைத் தாண்டினால் எண் மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். ‘நான் வைத்திருக்கும் சாவிக்கொத்தையே எனக்குக் கொடு’ என்ற அர்த்தமற்ற விண்ணப்பத்தை ஒரு நிரல் திரும்பத் திரும்பப் போட்டால் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடும். மனிதன் எண்ணினால் ஓர் ஆயுள் போதாது. கணிப்பொறிக்கு? பிழையைக் கண்டறிந்த பெர்செப்ஷன் பாயிண்ட் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்டெல் கோர் ஐ7-5500 என்ற செயலி கொண்ட எந்திரத்தில் இதைச் செய்து பார்த்தனர். ஏறக்குறைய அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. நொடிக்குச் சுமார் 24 லட்சம் விண்ணப்பங்கள் என்று ஆகிறது.

எண் சுழியம் ஆனதும் கெர்னல் அந்தச் சாவிக்கொத்தை யாரும் பயன்படுத்தவில்லை என நம்பி நினைவகத்தை விடுவித்துவிடும். ஆனால் நிரலின் உரிமைப் பத்திரம் இன்னமும் அந்த இடத்தைத்தான் சுட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது தீய எண்ணம் கொண்ட ஒருவர் வேறு விண்ணப்பத்தின் மூலம் காலியான அதே இடத்தைக் கேட்டுப் பெற்று, அதில் தான் விரும்பியதை எழுதிவிட முடியும். கெர்னல் அதைச் சாவிக்கொத்து என்றே எண்ணிப் படிக்கும். அதில் எழுதியிருக்கும் முகவரிக்குச் சென்று அங்குள்ள கட்டளைகளைத் தன் முழு அதிகாரத்துடன் நிறைவேற்றும். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். சாதாரணப் பயனர் ஒருவர் எந்திரத்தின் தலைமை நிர்வாகி ஆகிவிடுவார்.

புதிய செயலிகளில் உள்ள சில பாதுகாப்புகள் இத்தாக்குதலைக் கடினமாக்கின என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கருவிகளில் 66 விழுக்காடு ஆபத்துக்கு உட்பட்டவை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். கூகுள் நிறுவனம் உண்மை அதைவிட மிகக் குறைவு என்று மறுத்தது. எண்ணிக்கையில் கருத்து வேற்றுமை இருந்தாலும் பிழை இருந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

திருத்தம்: எந்த இடத்தில்?

திருத்தம் எளிதல்லவா, விடுபட்ட ‘கீ புட்’ கட்டளையை ‘எரர் 2’ வாசலில் எழுதிவிட்டால் போதுமே என்று முதற்பார்வையில் தோன்றும். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. முதல் இரண்டு நிலைகளும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அவற்றிடம் சாவிக்கொத்து இல்லை. சாவிக்கொத்து இருக்க வேண்டிய மாறியில் பிழை எண் ஒன்றுதான் இருக்கும். எடுக்காத பொருளைத் திருப்பி வைக்க முயன்றால் கெர்னலே நிலைகுலைந்துவிடும். திருப்பி வைக்காதது ஒரு பிழை என்றால், எடுக்காததைத் திருப்பி வைப்பது அதைவிடப் பெரிய பிழை.

ஆகவே மூன்றாம் நிலையில் மட்டும், வாசலுக்குத் தாவும் முன்பாக, ‘கீ புட்’ என்ற ஒரு வரி சேர்க்கப்பட்டது. 2016 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தம் முழுவதும் இவ்வளவே. திருத்துபவர் அறிய வேண்டியது என்ன வரி என்பதை மட்டுமன்று. அந்த இடத்தில் நிற்கும்போது கையில் என்னென்ன இருக்கின்றன என்பதையும்தான்.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. இதே செயற்கூறில் (ஈ) என்ற படியில், சாவிக்கொத்தைப் பொருத்துவதில் தடை ஏற்பட்டாலும் ‘எரர் 2’ வாசலுக்கே தாவல் நிகழ்ந்தது. அங்கும் சாவிக்கொத்து கையில் இருந்தது. அங்கும் எண் கழிக்கப்படவில்லை! பின்னர் வந்த திருத்தத்தில் ‘எரர் 3’ என்று ஒரு புதிய வாசலே அமைக்கப்பட்டது. அது முதலில் ‘கீ புட்’ செய்து, பிறகு ‘எரர் 2’ வழியாகவும் ‘எரர்’ வழியாகவும் இறங்கிச் செல்லும். சாவிக்கொத்து கையில் இருக்கும்போது தடைபட்டவர் அனைவரும் இப்போது இந்த ஒரே வாசல் வழியாக வெளியேறுகின்றனர். ஓட்டை ஒன்றை அடைத்தவர் அதே சுவரில் வேறு ஓட்டை உண்டா என்று தடவிப் பார்ப்பது நலம் என்பதற்கு இது சான்று.

மேலும் சில காவல்கள்

மனிதர் மறப்பது இயற்கை. ஆகவே மறதியைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகளையும் கெர்னலில் செய்திருக்கிறார்கள். அவற்றுள் நான்கினை மட்டும் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, 2009ஆம் ஆண்டு சேர்ந்த ‘கேமெம்லீக்’. கொடுக்கப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் சுட்டும் முகவரி நினைவகத்தில் எங்காவது இருக்கிறதா என்று இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடும். எவராலும் சுட்டப்படாத இடம் அனாதை என அறிவிக்கப்படும். ஆனால் நம் சாவிக்கொத்துப் பிழையை இதனால் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் நிரல் அதைச் சுட்டிக்கொண்டுதான் இருந்தது. தவறாக இருந்தது எண்ணிக்கை மட்டுமே.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டு சேர்ந்த ‘கேசன்’. விடுவிக்கப்பட்ட இடத்தை யாராவது மீண்டும் தொட்டால் உடனே கையும் களவுமாகப் பிடித்துக் காட்டும். எந்திரத்தின் வேகத்தைக் குறைப்பதால் பெரும்பாலும் சோதனைக் காலத்தில் மட்டுமே இதைப் பயன்படுத்துவர்.

மூன்றாவது, 2017ஆம் ஆண்டு வந்த ‘ரெஃப்கவுண்ட்’ என்ற புதிய வகை எண்ணிக்கை. இது உச்சத்தைத் தொட்டால் சுழியத்துக்குத் திரும்பாது. அங்கேயே உறைந்து நின்று எச்சரிக்கை கொடுக்கும். அப்பொருளின் நினைவகம் ஒருபோதும் விடுவிக்கப்படாது. கரும்பலகை நிரம்பினால் கூடத்தை இனி எப்போதும் பூட்டாதே என்பது போன்றது இது. விளக்கு வீணாக எரியலாம்; ஆனால் ஆள் உள்ளிருக்கப் பூட்டு விழாது. இரண்டு தீமைகளில் சிறியதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் இவ்வறிவு எனக்கு மிகவும் பிடித்தது. சாவிகளின் எண்ணிக்கையும் அந்த ஆண்டிலேயே இவ்வகைக்கு மாற்றப்பட்டது.

நான்காவது, 2023ஆம் ஆண்டு சேர்ந்த தானியங்கித் துப்புரவு முறை. ஒரு மாறியை அறிவிக்கும்போதே அதை எப்படித் திருப்பி வைப்பது என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம். செயற்கூறிலிருந்து எந்த வழியாக வெளியேறினாலும் அத்துப்புரவு தானே நடக்கும்படி தொகுப்பியே பார்த்துக்கொள்ளும். கல்யாணம் நடந்தாலும் நின்றாலும் மறுநாள் காலை வண்டி வந்தே தீரும் என்ற ஏற்பாடு இது.

முடிவுரை

கெர்னல் என்றால் அது மேல்நாட்டுப் பெரும் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்களுக்கே உரியது, கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வரும் நமக்கு அது எட்டாக்கனி என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. மேற்கண்ட செயற்கூறு நூறு வரிகூட இல்லை. அதில் உள்ளவை ‘இஃப்’, ‘எல்ஸ்’, ‘கோ டூ’, ‘ரிட்டர்ன்’, சுட்டு மாறி. அனைத்தும் நம் பாடத்திட்டத்தில் உள்ளவை. கெர்னல் மூலநிரலில் ‘செக்யூரிட்டி’ என்ற அடைவுக்குள் ‘கீஸ்’ என்ற அடைவில் ‘ப்ராசஸ் கீஸ்’ என்ற கோப்பில் அது இருக்கிறது. லினக்ஸ் உள்ள எந்திரம் கிடைத்தால் ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘கீஸ்’ என்ற கோப்பையும் திறந்து பாருங்கள். அதன் மூன்றாம் பத்தியில் தெரிவதுதான் இக்கட்டுரையில் பேசிய எண்ணிக்கை. பிழை இருந்த காலத்தில் அந்த வீண் விண்ணப்பத்தை நூறு முறை போட்டவருக்கு அந்த எண் நூறளவு கூடியிருந்தது. அதாவது பிழை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கவில்லை. எல்லோரும் காணக்கூடிய ஒரு பட்டியலில், கவனிப்பாரின்றி நின்றுகொண்டிருந்தது.

படிக்கத் தொடங்குவோர்க்கு ஒரு வழிமுறையும் கூற விழைகிறேன். ஒரு தாளில் இரண்டு பத்திகள் இடுங்கள். செயற்கூறு எடுக்கும் ஒவ்வொன்றையும் இடப்பக்கம் எழுதுங்கள். பிறகு வெளியேறும் ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியே வலப்பக்கம் சரிபாருங்கள். வெற்றி வாசலில் தொடங்காதீர்கள். அதைப் பலர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். யாரும் அதிகம் நடக்காத வாசலிலிருந்து தொடங்குங்கள். பாத்திரக் கடையில் வேலை செய்யும் ஒருவருக்கும் கெர்னலை எழுதும் ஒருவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றே.

புதியன படைப்போரை உலகம் போற்றுகிறது, போற்றட்டும். படைத்ததைப் பழுதின்றிக் காத்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போரும் அறிவுலகின் தொண்டர்களே. நம் கல்லூரியிலிருந்தும் அத்தகைய தொண்டர் பலர் தோன்ற வேண்டும் என்பதே என் அவா.